பாதி கடித்த ஆப்பிள்

என் மாமா யாரிடமும் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார். வாயைப் பார்த்துத்தான் பேசுவார். புதிதாகப் பழகுகிறவர்கள், பாவம், காது கேட்காத மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கத்திப் பேசுவார்கள். மாமா அதையும் ரசிப்பார். கத்தும்போது வாய் நன்றாகத் திறக்கும் அல்லவா?

அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. கடைத்தெருவை ஒட்டிய சந்தில், ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. அதற்கு லேப் என்று பெயர். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது மாமா செய்த பல்லால்தான். அவர் யாரென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்க்கிறேன். மெழுகு வேலை அவருடையது, தேய்ப்பதும் டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் திட்டு வாங்குவதும் என்னுடையது.

பல்லைப் பார்ப்பது தொழில் பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது பாதி நிஜம். மீதிப் பாதி, அவர் ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். நானும்தான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே கோபம் மூக்குக்கு மேலே வரும், ஆனால் வந்த வேகத்தில் இறங்கிவிடும். இந்த ஒரு கோபம் மட்டும் இறங்கவில்லை. இறக்கிவைக்கவும் நாங்கள் விரும்பவில்லை.

என் அம்மா மாமாவுக்கு அக்கா. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, தொழில் கற்க அனுப்பியது அவள்தான். ஒரு நோய்க்கு நீண்ட நாள் மருந்து சாப்பிட்டதில் அவளுக்கு ஈறு கெட்டு, பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டன. அதன்பிறகு அம்மா வெளியே போவதை நிறுத்திவிட்டாள். வாசலுக்கு யாராவது வந்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். அத்தனை வாயாடி, பக்கத்து வீட்டுக்காரி தலைவலி வருகிறது என்று கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்குப் பேசுகிறவள், பேச்சையே விட்டுவிட்டாள்.

என் கல்யாணம் நிச்சயமானதும் மாமா சொன்னார், "அக்கா, கல்யாணத்துல நீ வாய் நிறையச் சிரிக்கணும். அதுக்கு நான் பொறுப்பு."

ஊருக்கெல்லாம் செய்கிற செட் மாதிரி இதைச் செய்யவில்லை. அம்மாவின் பழைய புகைப்படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, அவளுடைய பற்கள் எப்படி இருந்தனவோ அப்படியே அடுக்கினார். மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் சற்று வெளியே நிற்கும். நேராக வைத்தால் அழகாக இருக்குமே என்று நான் சொன்னதற்கு, "அழகா இருக்கும். அக்கா இருக்கமாட்டா" என்றார். மெழுகிலேயே ஒரு முறை வாயில் வைத்துப் பார்த்தோம். அம்மா கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு சின்னப் பெண் மாதிரி கிளுக்கென்று சிரித்துவிட்டாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் செட் தயார். அச்சுகளையும் சேர்த்து ஒரு எவர்சில்வர் பெட்டியில் வைத்துக் காரில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கடைத்தெருவில் எனக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது. மாமா வண்டியை நிறுத்தினார். முன்சீட்டில் இருந்த பெட்டியை எடுத்துப் பின்சீட்டில் வைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். பக்கத்தில் என் சாப்பாட்டுப் பை, அதில் ஒரு ஆப்பிள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, செருப்புக் கடைக்குள் போனோம்.

திரும்பி வந்தபோது, சுவர்ப் பக்கமாக இருந்த சின்னக் கண்ணாடி உடைந்திருந்தது. துண்டு கீழே கிடந்தது. பெட்டி இல்லை. முன்பக்க டேஷ்போர்டின்மேல் என் ஆப்பிள், பாதி கடித்தபடி இருந்தது.

யோசித்துப் பாருங்கள். கண்ணாடியை உடைத்து, கதவைத் திறந்து, சொந்தக்காரன் மாதிரி உள்ளே சாவகாசமாக உட்கார்ந்து, ஆப்பிளைக் கடித்துக்கொண்டே எங்கள் பைகளைக் குடைந்திருக்கிறான். காருக்குள் ஒருவன் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தால் தெருவில் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தத் திமிரைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அந்தத் தெருவில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் உண்டு. எந்நேரமும் வாயில் விசிலை வைத்துக்கொண்டே திரிவதால் அவன் பெயரே விசில்தான். பேச்சே கிடையாது. பீப் என்று ஊதுவான், கையைக் காட்டுவான், வண்டி பின்னால் வரும், நிற்கும். அவன்தான் ஓடிவந்தான். உடைந்த கண்ணாடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். மாமா நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதார். விசில் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரிக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "பல்செட்டா? நகைப் பெட்டி இல்லையா?" என்று கேட்டார். மாமா ஆப்பிளை நீட்டினார். "இதுல அவன் பல்லு பதிஞ்சிருக்கு சார். முன்பல்லு ஒண்ணு திரும்பிப் பக்கத்துப் பல்லு மேல ஏறியிருக்கு. அடுத்ததுல ஓரம் உடைஞ்சிருக்கு. பாருங்க, தெளிவா இருக்கு."

"ஆப்பிள் கடிச்சான்னு கேஸ் போடவா?" என்று அதிகாரி சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் பற்களையும் மாமா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

ஆப்பிள் கறுத்துச் சுருங்குவதற்குள் லேப்புக்கு ஓடினோம். நாளைக்குக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற நான் அச்செடுக்கும் பொடியைக் குழைக்க, மாமா ஆப்பிளுக்கு அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்தார். திருடனின் முன்பற்கள் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. திரும்பிய பல், ஓரம் உடைந்த பல், நடுவில் ஒரு சந்து. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "வாயைப் புடிச்சிட்டேன். இனி ஆளைத்தான் புடிக்கணும்" என்றார்.

ஆனால் அம்மாவுக்குப் பல் இல்லை. அச்சும் பெட்டியோடு போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து செய்ய நேரமும் இல்லை. என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். விருந்தில் எல்லோரோடும் உட்காராமல், உள் அறையில் கஞ்சி குடித்தாள். கல்யாணம் முடிந்ததும் மாமா புது அச்செடுக்கப் போனார். "விடுடா. இனிமே யாருக்குக் காட்ட?" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் கெஞ்சினார், சண்டை போட்டார், பேசாமல் இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருஷ மழைக்காலம் முடியும்போது மாரடைப்பில் போய்விட்டாள். பொக்கை வாயோடுதான் போனாள்.

அதன்பிறகுதான் மாமா வேறு ஆளானார்.

முதலில் கார். அவர் கார் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். சீட்டில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. முன்னால் இருக்கும் சின்ன அறையைத் திறந்தே வைத்திருப்பார், உள்ளே ஒன்றுமில்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரியட்டுமாம். போனை மாட்டும் தாங்கியைக் கழற்றுவதோடு விடமாட்டார், அது கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட அடையாளத்தையும் துடைப்பார். "அந்த வட்டத்தைப் பார்த்தா போன் உள்ளதான் இருக்குன்னு உடைப்பான்" என்பார். டிக்கியில் எதையாவது வைக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து மூடினால் தொலைந்தோம். "வந்து எடுத்துக்கோன்னு பத்திரிகை வைக்கிற மாதிரி" என்று குதிப்பார். துண்டு போட்டு மூடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் கம்மிவிடும். வெறும் சீட்டை எவனும் பார்க்கமாட்டான், மூடிய சீட்டைத்தான் பார்ப்பான் என்று மெதுவாகச் சொல்வார்.

செய்து முடித்த செட்டுகளை டாக்டர்களிடம் எடுத்துப் போக அவர் கண்டுபிடித்த வழிக்கு நான்தான் பலிகடா. செட்டுகளை ஒரு பழைய பையின் அடியில் வைத்து, மேலே துவைக்காத காலுறைகளைப் போட்டு மூடுவார். "பொருள் வண்டியில இருக்கக்கூடாது. இருந்தா தெரியக்கூடாது. தெரிஞ்சா நாறணும்" என்பது சட்டம். காலுறைகள் என் வீட்டுக்காரருடையவை. இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்ததற்கு அவர் செலுத்தும் வரி அது.

அடுத்தது வேட்டை. பிளாஸ்டர் பல் அவர் மேஜையில், கண்ணுக்கு நேராக இருக்கும். லேப்பில் எப்போதும் ஒரு கூடை ஆப்பிள். யார் வந்தாலும் ஒன்றைக் கையில் திணிப்பார். கார்க் கண்ணாடி மாற்றிக் கொடுத்த மெக்கானிக், தையல்காரர், பக்கத்துத் தெரு டிரைவர், எல்லோரும் தின்றார்கள். "கடிச்சிட்டு அப்படியே வச்சிட்டுப் போங்க, நான் போட்டுக்கிறேன்" என்பார். அவர்கள் போனதும் நாங்கள் இருவரும் அந்த எச்சில் ஆப்பிளைப் பிளாஸ்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் இவனாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்வேன். கிடைத்தால் என்ன செய்வது என்று தினமும் புதிதாக ஒரு திட்டம் வைத்திருந்தேன். எதையும் வெளியே சொல்கிற மாதிரி இல்லை.

ஒரு முறை நகைச்சுவை நாடகத்துக்கு முதல் வரிசையில் டிக்கெட் வாங்கி, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கூட்டம் முழுக்க வாய்விட்டுச் சிரிக்கிறதே, ஒரே இடத்தில் இத்தனை வாய் வேறெங்கே கிடைக்கும்? நாடகக்காரர்கள் வந்து வெளியே அனுப்பினார்கள்.

இப்படி ஊரில் உள்ள எல்லா வாயையும் பார்த்தவர், தினமும் பார்க்கிற ஒரு வாயை மட்டும் பார்க்கவில்லை. அதில் எப்போதும் விசில் இருந்தது.

விசிலின் மேல் மாமாவுக்குப் பாசம்கூட உண்டு. தான் அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்தவன் அல்லவா? தெருவில் வண்டி நிறுத்தும்போதெல்லாம் அவன் கையில் ஏதாவது வைப்பார். ஒரு நாள் ஆப்பிள் கொடுத்தார். விசில் பதறிப்போய், விசிலை உதட்டு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, "வேணாம்ணே, பல்லு கூசுது. ஆடுது" என்றான். மாமாவின் மனசு இளகிவிட்டது. "அதை ஏன்டா வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுற? நமக்கு அச்சு அனுப்புற பல் டாக்டரம்மாகிட்ட போ. நான் அனுப்பினேன்னு சொல்லு" என்று அனுப்பிவைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மாவிடமிருந்து, வழக்கம்போல ஆள் பெயர் இல்லாமல், ஒரு அச்சு வந்தது. அந்த அம்மா கெட்டுப்போன பற்களைப் பிடுங்குவதற்கு முன்னால் அச்செடுத்து அனுப்புவார்கள். பழைய பல் எப்படி இருந்ததென்று பார்த்து, அதற்கேற்ப புதுச் செட் செய்யலாம். நான் வழக்கம்போலப் பிளாஸ்டரை ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனேன். காய்ந்ததும் மாமா அச்சை உரித்தார்.

ஒரு சத்தமும் இல்லை. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். அவர் இடது கையில் புதுப் பிளாஸ்டர், வலது கையில் ஆப்பிள் பிளாஸ்டர். திரும்பி ஏறிய பல். ஓரம் உடைந்த பல். நடுவில் சந்து. இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "பாப்பா, கதவைச் சாத்து" என்றார்.  எனக்குக் காதெல்லாம் சூடேறியது.

டாக்டரம்மா ஆளைச் சொல்லமாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. மாமா போன் செய்து, "பல்லு நிறம் பார்க்கணும்மா, ஆளை நேர்ல பார்த்தாதான் சரியா வரும்" என்றார். புண் ஆறியதும் ஆளை வரச் சொன்னார்கள். நாங்கள் கிளினிக்கில் காத்திருந்தோம். கதவைத் திறந்துகொண்டு விசில் வந்தான். கழுத்தில் கயிற்றோடு விசில் தொங்கியது. மேல் முன்பற்கள் இருந்த இடம் காலி.

எனக்கு அவன்மேல் பாய வேண்டும் போலிருந்தது. என் அம்மா சிரிக்காமல் செத்துப்போனாளே, இவன் தடவிக்கொடுத்த முதுகு என் மாமாவின் முதுகுதானே என்று உள்ளே கொதித்தது. மாமா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், நிறம் பார்க்கும் அட்டையை அவன் கீழ்ப்பல் அருகில் பிடித்தார். "திற. இன்னும் கொஞ்சம். போதும், மூடிக்கோ" என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

"நல்லதா செஞ்சு குடுங்கண்ணே," என்றான் விசில். சொற்களுக்கு நடுவில் காற்றுப் போனது. "விசில் ஊத முடியல. பல்லு இல்லாம அது வாயில நிக்கமாட்டேங்குது. வேலையே போயிடும் போலிருக்கு."

"செய்யறேன். என் அக்காவுக்குச் செஞ்ச மாதிரி செய்யறேன்," என்றார் மாமா. விசில் தரையைப் பார்த்தான்.

லேப்புக்கு வந்ததும் நான் குதித்தேன். "வாய்ல போட்டதும் குத்துற மாதிரி செய்ங்க மாமா. சாப்பிடும்போதெல்லாம் அவனுக்கு நம்ம ஞாபகம் வரணும்."

"என் கையால அளவு தப்பாது," என்று சொல்லிவிட்டு மெழுகை உருக்க உட்கார்ந்தார். பார்த்துப் பார்த்துச் செய்தார். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. செட் முடிந்தபோது சொன்னார், "இது டாக்டரம்மாவுக்குப் போகாது. வண்டியில போகும்."

அம்மாவின் பெட்டி மாதிரியே ஒரு எவர்சில்வர் பெட்டி வாங்கியிருந்தார். கடைத்தெருவுக்குப் போய், அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில் வண்டியை நிறுத்தினார். விசிலைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாகப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் புதுப் பல்செட். மறு பக்கம் ஆப்பிளில் எடுத்த பிளாஸ்டர்.

"இது உன் புதுப் பல்லு. இது உன் பழைய பல்லு, எங்க ஆப்பிளைக் கடிச்சது," என்றார். பெட்டியை மூடி, முன்சீட்டில் நட்டநடுவில் வைத்தார். துண்டு கிண்டு ஒன்றும் போடவில்லை. இறங்கிக் கதவைப் பூட்டினார். "அக்கா பெட்டியை என்ன பண்ணினன்னு வந்து வாயத் திறந்து சொல்லு. சொன்னா உன் பல்லு உனக்கு. சொல்லமாட்டேன்னா இங்கதான் இருக்கும். எப்படி எடுக்கிறதுன்னு உனக்குத் தெரியும்."

விசிலின் முகம் செத்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. சத்தியமா," என்றான்.

"அப்ப இருக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் வண்டி அங்கே நிற்கும், மாலையில் எடுப்போம். வண்டியில் ஒரு காகிதம் விடாத மனிதர், பளபளவென்று ஒரு பெட்டியை முன்சீட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக லேப்பில் வேலை பார்த்தார். டாக்டரம்மா போனில் கத்தினார்கள். "ஆளை என்கிட்ட வரச் சொல்லுங்கம்மா, நானே மாட்டிவிடறேன்" என்று மாமா போனை வைத்துவிட்டார். நான் வேண்டுமென்றே வேலை இல்லாதபோதும் அந்தப் பக்கம் நடந்து போவேன். விசில் காரைச் சுற்றிச் சுற்றி வருவான். கண்ணாடியில் கை வைத்து உள்ளே பார்ப்பான். என்னைக் கண்டதும் நகர்ந்துவிடுவான். ஊத முடியாததால் கைதட்டித்தான் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தான். டிரைவர்கள் கேலி செய்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

அவன் சொல்லிவிட்டிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் சொன்னால் திருடன் என்று ஆகிவிடும், அந்தத் தெருவில் எவனும் அவனை நம்பி வண்டி விடமாட்டான். பல் இல்லாமலும் வேலை போகும், சொன்னாலும் வேலை போகும். அப்படி அவன் திண்டாடுவதைப் பார்க்கத்தான் மாமா அவனைக் காக்கவைத்தார். அக்கா பல் என்ன ஆனது என்று அவன் வாயாலேயே கேட்காமல் மாமாவுக்குச் சோறு இறங்காது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் லேப் படிகளில் யாரோ தடதடவென்று ஏறிவரும் சத்தம். விசில். வேர்த்து வழிந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"போச்சுண்ணே. உடைச்சிட்டான். பெட்டியை எடுத்துக்கிட்டு ஓடிட்டான்."

"யாரு?"

"எவனோ. எனக்கு ஆளே தெரியாது. நான் எதிர்ப் பக்கம் நின்னேன். கண்ணாடி உடையிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஊதினேன், ஊதினேன், காத்துதான் வருது. புடிங்கன்னு கத்தினேன், நான் என்ன சொல்றேன்னே யாருக்கும் புரியல."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நன்றாக வேண்டும், நன்றாக வேண்டும் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத அந்தப் பொக்கை வாயைப் பார்த்ததும், ஏனோ, என் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கும் சேர்த்து அவன்மேல் ஆத்திரம் வந்தது.

மாமா சிரிக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்தார். "இன்னொரு செட் செஞ்சிடலாம். உன் அச்சு என்கிட்ட இருக்கு. நீயும் உயிரோட இருக்க," என்றார். "அக்கா பெட்டியை என்னடா பண்ணின?"

விசில் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "நகைன்னு நினைச்சேண்ணே. துண்டு போட்டு மூடினீங்க இல்ல, அதைப் பார்த்துட்டேன். எடுத்துட்டுப் போய் ஒதுங்கித் திறந்தேன். உள்ள பல்லு. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். அப்படியே குப்பைத் தொட்டியில போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"எந்தத் தொட்டி?"

"நம்ம சந்து முனையில. பச்சைத் தொட்டி."

நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வண்டிக்குள் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளி, அந்தப் பச்சைத் தொட்டியில் கொட்டியவள் நான்தான். என் அம்மாவின் பல் அதற்குள் இருந்தது. மூடியைத் திறந்து, கொட்டி, மூடிவிட்டு வந்தேன். மறுநாள் கல்யாணம் முடிந்து நாங்கள் திரும்பும்போதும் அது அங்கேயே நின்றிருக்கும்.

"அவர் அழுதுட்டு இருந்தப்ப நீ பக்கத்துல தான நின்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "கையைக் காட்டியிருந்தா போதுமே. தினமும் அதைத்தான செய்யற. தொட்டிப் பக்கம் கையைக் காட்டியிருந்தா போதுமே!"

"மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன்மா."

 மாமா எழுந்து, அவன் சட்டையின் தோளைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

"வா. அவனும் நகைன்னு நினைச்சுத்தான் எடுத்திருப்பான். அவனும் எங்கயாவது ஒதுங்கித் திறந்திருப்பான். உள்ள பல்லைப் பார்த்தா அவன் மட்டும் வீட்டுக்கா கொண்டு போவான்? போய்த் தேடு."

மூவரும் இறங்கிப் போனோம். மாமா செருப்புக் கடை வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். உதவி செய்ய இருவரும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. விசில் ஒவ்வொரு தொட்டியாகத் திறந்தான். கையை விட்டுக் கிளறினான், மூக்கைப் பிடித்துக்கொண்டான், பிறகு அதையும் விட்டுவிட்டு இடுப்பு வரை உள்ளே குனிந்தான். தெருவில் அவனுக்குத் தெரிந்த டிரைவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். என்னடா தேடுற என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. மாமா சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொன்னார். அக்கா, கல்யாணம், பெட்டி, ஆப்பிள், பச்சைத் தொட்டி. குரலை உயர்த்தாமல் சொன்னார். 

மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த தொட்டியில் பெட்டி கிடைத்தது. மூடி நசுங்கியிருந்தது. உள்ளே இரண்டும் அப்படியே இருந்தன.

"கிடைச்சிடுச்சுண்ணே!" என்று கத்திக்கொண்டு, குப்பை அப்பிய கையோடு ஓடிவந்தான். உலகத்திலேயே நல்ல சேதி அதுதான் என்பது போல.

மாமா செட்டை வாங்கிக் குழாயில் கழுவினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரிசல் இல்லை. "வாயத் திற," என்றார். கட்டைவிரலால் அழுத்தி மாட்டினார். "கடி." விசில் கடித்தான். துளி இடைவெளி இல்லாமல், பிறந்ததிலிருந்தே அவனுக்கு இருந்தவை மாதிரி பொருந்தியது.

"தேடி எடுக்க இவ்வளவு நேரம்தான்டா ஆச்சு," என்றார் மாமா. "நீ அன்னைக்குச் சொல்லியிருந்தா, எங்களுக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்."

வாய் நிறையப் பற்களோடு அவன் எதிரில் நின்றான். அதன்பிறகு அவன் அந்தத் தெருவில் வேலை பார்க்கவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை, தானாகவே போய்விட்டான். எங்கேயோ இருக்கிறான். என் மாமா செய்து கொடுத்த பல்லால் சாப்பிடுகிறான், யாரைப் பார்த்தோ சிரிக்கிறான். மாமா அந்தக் கோபத்தை அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை.